கடல் கடந்து பிழைத்த முகங்கள்
ஆல்டர் காட்சிஸ்னே (1885 – 1941)

யித்திஷ் மொழியில் கவிதையும் நாடகமும் நாவலும் எழுதிய ஆல்டர் காட்சிஸ்னே, தம்மை எழுத்தாளராகவே கருதி வாழ்ந்தவர். புகைப்படம் அவருக்குப் பிழைப்பு. வார்சா நகரில் அவர் நடத்திய புகைப்பட நிலையத்தின் வருமானத்தில்தான் குடும்பமும் நடந்தது, எழுத்தும் நடந்தது. இன்று அவர் பெயரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் புகைப்படக்காரராகவே அறிவார்கள். அதிலும் ஒரு விந்தை உண்டு. தம்மிடம் அவர் சேர்த்து வைத்திருந்த படச்சேகரம் உலகப்போரில் அழிந்து போயிற்று. கடலுக்கு அப்பாலிருந்த ஒரு பத்திரிகைக்குக் கூலிக்கு எடுத்து அனுப்பிவிட்ட படங்களில் ஏறத்தாழ எழுநூறு பிழைத்துக்கொண்டன. அடியோடு அழிக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் முகத்தை நாம் இன்று காண முடிகிறதென்றால், அதற்கு அந்த எழுநூறு படங்களும் அவை போன்ற சில சேகரங்களுமே காரணம்.

யித்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் தாய்மொழி. ஜெர்மானிய அடித்தளத்தில் எபிரேய, ஸ்லாவியச் சொற்கள் கலந்து, எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. 1978ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் கதைகள் வழியாக அம்மொழி நம்மில் பலருக்கு அறிமுகமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு போலந்தில் மட்டும் ஏறத்தாழ 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் போரின்போது கொல்லப்பட்டார்கள். சந்தை, தொழுகைக்கூடம், திண்ணைப்பள்ளி, செருப்புத் தைப்பவர், கொல்லர், வண்டிக்காரர் என்று நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த சிற்றூர்கள் சில ஆண்டுகளில் இல்லாமல் போயின. யித்திஷ் மொழியில் அத்தகைய சிற்றூருக்கு ஷ்டெட்டெல் என்று பெயர். காட்சிஸ்னேயின் வாழ்க்கை அந்த ஊர்களோடு பின்னிக் கிடப்பது.

அவர் பிறந்தது வில்னா நகரில், 1885இல். உழைப்பாளிக் குடும்பம். சமயப் பள்ளியிலும் ருஷ்யத் தொடக்கப் பள்ளியிலும் சில ஆண்டுகள் படித்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்ததும் படிப்பு நின்றது. தெற்கே எக்கத்தரினோஸ்லாவ் நகரில் (இன்றைய உக்ரைனின் நீப்ரோ) உறவினர் ஒருவர் நடத்திவந்த புகைப்பட நிலையத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். இருட்டறையில் கைவேலை கற்றுக்கொண்டே, கிடைத்த நேரத்தில் ருஷ்யன், போலிஷ், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளைத் தாமாகவே படித்துத் தேர்ந்தார். முதலில் அவர் எழுதியது ருஷ்ய மொழியில். 1909இல் அவருடைய ருஷ்யச் சிறுகதைகள் அச்சேறின. அவற்றை வெளியிட்டு ஊக்குவித்தவர் அன்-ஸ்கி என்ற புனைபெயர் கொண்ட எழுத்தாளர். யூத நாடோடி வழக்காறுகளைத் தேடித் தொகுத்த பெருமகன் அவர்.

இந்த இருவரின் தொடர்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1912 முதல் 1914 வரை அன்-ஸ்கி ஒரு குழுவுடன் வொலீனியா, பொதோலியா பகுதிகளின் சிற்றூர்களில் அலைந்தார். பாட்டிமார் சொன்ன கதைகளையும், திருமணப் பாடல்களையும், பேயோட்டும் மந்திரங்களையும், பழைய ஏடுகளையும் சேகரித்தார். பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள வழக்கங்களைக் கேட்டறிய 2,087 வினாக்கள் கொண்ட ஒரு வினாநிரலை அச்சிட்டார். சொலொமோன் யூதோவின் என்ற இளைஞர் உடன் சென்று படம் எடுத்தார். நம் டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றதை அறிந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் வேகமும் வேதனையும் எளிதில் விளங்கும். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. ஐயர் தேடியது பழம்புலவர்கள் எழுதிவைத்த நூல்களை. அன்-ஸ்கி தேடியதில் பெரும்பகுதி எவராலும் எழுதிவைக்கப்படாதது. சொல்பவர் இறந்தால் சொல்லும் இறந்துவிடும் நிலை. அந்த அவசரம் காட்சிஸ்னேயின் மனத்திலும் பதிந்தது.

1910இல் அவர் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தார். அவரை அங்கே இழுத்தவர் யித்திஷ் இலக்கியத்தின் பேராசானாக விளங்கிய ஐ. எல். பெரெட்ஸ். பெரெட்ஸின் எழுத்தைப் படித்த பின்னரே ருஷ்ய மொழியை விட்டுத் தாய்மொழியில் எழுதுவதென்று காட்சிஸ்னே உறுதி கொண்டார். பெரெட்ஸின் வீடு இளம் எழுத்தாளர்களுக்குக் குருகுலமாக இருந்தது. அங்கே அவர் நெருங்கிய மாணவரானார். 1915இல் ஆசிரியர் மறைந்தார். 1920 நவம்பரில் அன்-ஸ்கியும் வார்சாவிலேயே மறைந்தார். அவர் இறந்த முப்பதாம் நாள் அவருடைய ‘திப்புக்’ நாடகம் அதே நகரில் முதன்முதலாக அரங்கேறியது. அன்-ஸ்கி முடிக்காமல் விட்டுச்சென்ற ‘பகலும் இரவும்’ என்ற நாடகத்தை எழுதி முடித்தவர் காட்சிஸ்னே. பின்னர் 1937இல் ‘திப்புக்’ திரைப்படமானபோது அதன் திரைக்கதை உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. போலந்தில் எடுக்கப்பட்ட யித்திஷ் படங்களில் தலையாயதாக இன்றும் அது மதிக்கப்படுகிறது.

அவருடைய சொந்த எழுத்தும் சிறியதன்று. யூத சமயத்தைத் தழுவியதாகச் சொல்லப்படும் போலந்துப் பிரபு ஒருவரின் பழங்கதையை வைத்து ‘பிரபு’ என்ற நாடகத்தை எழுதினார். ஏரோது மன்னனைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். ‘வலியவரும் மெலியவரும்’ என்ற பெருநாவல் இரண்டு பாகங்களாக வந்தது. 1930களின் பிற்பகுதியில் ‘என் பேசும் படம்’ என்ற பெயரில் தாமே எழுதித் தாமே வெளியிட்ட சிற்றிதழ் ஒன்றும் உண்டு. ஒற்றை ஆளாக இதழ் நடத்துவதன் இன்பமும் கடனும் எப்படிப்பட்டவை என்று நம் வட்டத்து நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வார்சாவில் த்லொமாட்ஸ்கியே தெரு 13ஆம் எண் வீட்டில் யித்திஷ் எழுத்தாளர் சங்கம் இயங்கிற்று. தேநீருக்கும் வாதத்துக்கும் பஞ்சமில்லாத இடம். காட்சிஸ்னே அந்த உலகத்தைச் சேர்ந்தவர். ஐரோப்பிய நவீன நாடகத்தைப் படித்தவர், இடதுசாரிச் சாய்வுள்ளவர், பழைய சமய ஒழுங்குக்கு வெளியே வாழ்ந்தவர்.

புகைப்படப் பணி பெரிதாக வந்து சேர்ந்தது 1921இல். யூதக் குடிபெயர்வோருக்கு உதவும் அமெரிக்கச் சங்கம் ஒன்று, போலந்தை விட்டு அமெரிக்காவுக்குப் புறப்படும் மக்களின் நிலையைப் படமெடுத்துத் தருமாறு அவரைக் கேட்டுக்கொண்டது. அந்தப் படங்களால் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ‘ஃபோர்வெர்ட்ஸ்’ என்னும் யித்திஷ் நாளிதழின் ஆசிரியர் ஆபிரகாம் கஹானின் கவனம் அவர்மீது விழுந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் விற்பனையான இதழ் அது. அதன் வாசகர்களில் பெரும்பகுதியினர் போலந்தையும் ருஷ்யாவையும் விட்டுக் கப்பலேறி வந்தவர்கள். தையற்கூடங்களில் வேலை செய்துகொண்டு, விட்டுவந்த தாய் தந்தையரை எண்ணி ஏங்கியவர்கள். 1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கியதும் ஊரிலிருந்து எவரும் வருவது அரிதாயிற்று. கடிதமும் படமும்தான் பாலமாயின. ஞாயிறு இதழின் படப்பகுதிக்காகப் பழைய ஊரின் காட்சிகளைத் தொடர்ந்து அனுப்பும் பணி காட்சிஸ்னேயிடம் ஒப்படைக்கப்பட்டது.

அப்பணிக்காக அவர் போலந்தின் ஊர்கள்தோறும் திரிந்தார். பாலஸ்தீனம், மொராக்கோ ஆகிய நாடுகளுக்கும் போய்வந்தார். லுப்ளின் நகரத்துத் திண்ணைப்பள்ளியில் வாத்தியாரும் அவரைச் சூழ்ந்த சிறுவர்களும் இருக்கும் படம் உலகெங்கும் பல நூல்களில் அச்சாகியுள்ளது. உளியும் ஊசியும் பிடித்த கைகள், சந்தையில் கூடையோடு நிற்கும் பெண்கள், கிணற்றடி, கல்பாவிய தெரு, மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படிக்கும் முதியவர்கள் என்று அவருடைய கண் எளியவர்களையே நாடிற்று. படத்திலிருப்பவர்கள் பெரும்பாலும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். தம்மைப் படமெடுப்பவர் தம் மொழி பேசுகிறவர் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருக்கிறது. பரிதாபத்தைத் தூண்டுவதற்காக அவர்களை அவர் கூனவைக்கவில்லை. வறுமை தெரிகிறது, மானமும் தெரிகிறது.

கவிஞர்கள் கவனிக்க வேண்டியது படத்தின் பின்புறம். காட்சிஸ்னே ஒவ்வொரு படத்துக்கும் யித்திஷ் மொழியில் குறிப்பு எழுதி அனுப்பினார். ஊர், தொழில், பல வேளைகளில் ஆளின் பெயர், கூடவே ஒரு வரியில் அவருடைய கதை. பியாவா போத்லாஸ்கா என்ற ஊரில் நூறு வயதைக் கடந்த ஒரு மூதாட்டியை அவர் படமெடுத்தார். அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய மகனுக்கே எண்பது வயது. தாய் உயிரோடு இருப்பதை அவன் நம்புவதில்லை என்ற செய்தியையும் குறிப்பில் சேர்த்துவிட்டார். ஒரு நாவலுக்கான கரு அதில் அடங்கிக் கிடக்கிறது. அந்தக் குறிப்பு இல்லையென்றால் அவள் யாரோ ஒரு கிழவி. குறிப்பு இருப்பதனால் அவள் ஒரு தாய். அவளை நம்பாத ஒரு மகனும் நடுவே ஒரு கடலும் நமக்குத் தெரிகின்றன.

நம் பெசன்ட் நகர்க் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் நிற்கிறது. 1930இல் கடலில் மூழ்கியவர்களைக் காக்கப் போய் உயிரிழந்த டேனிஷ்காரர் ஒருவரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. மாலையில் அதன் நிழலில் அமர்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரியும்? கல் பெயரைக் காக்கும். முகத்தைக் காப்பது கல்லின் வேலையன்று. நம் வீட்டுப் பரணிலுள்ள பழைய படங்களுக்கு இதற்கு நேர்மாறான கதி நேர்கிறது. முகம் இருக்கும், பெயர் இராது. பாட்டி இருந்தவரை எல்லாரையும் சுட்டிக்காட்டிச் சொல்வாள். அவள் போன பின்பு படத்திலிருக்கும் அத்தனை பேரும் அநாமதேயங்கள். முகத்தையும் பெயரையும் ஒரே காகிதத்தின் இரு பக்கங்களில் சேர்த்துவைத்தது காட்சிஸ்னேயின் எழுத்தாளக் கை. பிழைப்புக்குச் செய்த வேலையிலும் அவருக்குள்ளிருந்த எழுத்தாளர் ஓய்வெடுக்கவில்லை.

ஆனால் இந்தச் சேகரத்தை முழு உண்மையென்று கொள்வதற்கில்லை. கேட்டவர் விரும்பியது பழைய ஊர். புலம்பெயர்ந்த வாசகரின் ஏக்கத்துக்கு உணவாக வேண்டிய படங்கள் அவை. ஆகவே தாடி வைத்த முதியவரும் கைத்தொழிலாளியும் முக்காடிட்ட மூதாட்டியும் நிறைய வந்தார்கள். அதே காலத்தில் போலந்து யூதர்களிடையே தொழிற்சங்கங்களும், மதச்சார்பற்ற பள்ளிகளும், நாளிதழ்களும், நாடகக் குழுக்களும் செழித்திருந்தன. காட்சிஸ்னே தாமே வாழ்ந்த உலகம் அதுதான். அனுப்பிய படங்களில் அந்த உலகம் குறைவாகவே இடம்பெற்றது. அதைக் காட்டும்படி எவரும் கூலி கொடுத்துக் கேட்கவில்லை. பின்னர் 1935 முதல் 1938 வரை ஒரு நிவாரண நிறுவனத்துக்காகக் கிழக்கு ஐரோப்பாவில் படமெடுத்த ரோமன் விஷ்னியாக்கிற்கும் இதுவே நேர்ந்தது. நிதி திரட்டுவதற்காக எடுத்தவையாதலால் வறியவர்களின் படங்களே மிகுதியாகக் கேட்கப்பட்டன. 1983இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலைப் பார்த்தவர்கள் கிழக்கு ஐரோப்பிய யூத வாழ்க்கை முழுவதுமே அப்படித்தான் இருந்ததென்று எண்ணத் தலைப்பட்டார்கள். எஞ்சுவது எது என்பதைக் கேட்பவரின் தேவையும் தீர்மானிக்கிறது. நினைவைக் காப்பவர்கள் இதை மறக்கலாகாது.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. காட்சிஸ்னே குடும்பத்துடன் கிழக்கே சென்று, சோவியத் ஆட்சிக்குள் வந்திருந்த லுவூவ் நகரில் தங்கினார். அங்கே வானொலியிலும் நாடகத்துறையிலும் யித்திஷ் பணிகள் கிடைத்தன. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தது. அவர் மேலும் கிழக்கே தார்னோபோல் நகரத்தை நோக்கி ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் ஜெர்மானியர் அந்நகரைப் பிடித்துவிட்டிருந்தார்கள். அந்த ஜூலை மாதத்தின் முதல் நாட்களில் அங்கே யூதர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஜூலை 7ஆம் நாள், ஜெர்மானியருக்குத் துணைநின்ற உள்ளூர்க் கும்பலால் காட்சிஸ்னே தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். அப்போது வயது ஐம்பத்தாறு. உயிர்பிழைத்த ஒரு எழுத்தாளரின் சாட்சியத்தால் அவருடைய முடிவு உலகுக்குத் தெரியவந்தது. மனைவி ஹனா பின்னர் பெவ்ஜெட்ஸ் கொலை முகாமில் மாண்டார். வார்சாவில் விட்டுவந்த படச்சேகரம் தப்பவில்லை.

மகள் சுலாமித் போலந்துக்காரப் பெண்ணாகத் தன்னை மறைத்துக்கொண்டு உயிர்பிழைத்தார். போருக்குப்பின் போலந்துக்கு இத்தாலியத் தூதராக வந்த யூஜெனியோ ரியாலேயை மணந்து இத்தாலியில் குடியேறினார். தந்தையின் எழுத்துகளைத் தேடித் திரட்டி, யித்திஷ் மொழியிலேயே தொகுதிகளாக வெளியிடச் செய்தது அவருடைய வாழ்நாள் தொண்டு. நியூயார்க்கில் எஞ்சிய படங்கள் யீவோ ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் சேர்ந்தன. அந்த நிறுவனமும் காட்சிஸ்னே பிறந்த அதே வில்னா நகரில் 1925இல் தோன்றி, 1940இல் நியூயார்க்கைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. அப்படங்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு பெருநூல் மாரெக் வெப் பதிப்பாசிரியராக இருக்க 1999இல் வெளிவந்தது.

இந்த வரலாறு நமக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். யூதர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கொச்சியின் மட்டாஞ்சேரி. 1568இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. தொழுதவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கொல்லப்படவில்லை, விரட்டப்படவும் இல்லை, விரும்பிச் சென்றார்கள். ஆயினும் தெரு வெறுமையாயிற்று. சென்னையிலும் பதினேழாம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வாணிகம் செய்த போர்த்துகீசிய யூதர்கள் வாழ்ந்தார்கள். மண்ணடியின் பவளக்காரத் தெரு அந்த வாணிகத்தின் பெயரை இன்னும் சுமக்கிறது. லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறிய யூதக் கல்லறைத் தோட்டமும் உண்டு. புகைப்படம் தோன்றுமுன் வாழ்ந்த மனிதர்கள் அவர்கள். எனவே நமக்கு ஒரு தெருப்பெயரும் சில கற்களும் மட்டும் கிடைத்திருக்கின்றன.

இன்னும் நெருங்கிய உவமை நம்மிடமே உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை மீளாமலே போயின. மறுபுறம், கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்த பிறகு சிதறிவிடாமல் சென்னைக்கு வந்து, ஆய்வு நூலகமாயின. இன்று நமக்கு அண்டையிலுள்ள தரமணியில் அந்நூலகம் இருக்கிறது. அங்கே எடுக்கப்பட்ட நுண்படப் படிகள் கடல் கடந்து சிகாகோவிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே இடத்தில் ஒரே படியாகக் காப்பதற்கும், படியெடுத்துப் பல இடங்களில் வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்சிஸ்னேயின் வாழ்க்கை சொல்கிறது. யாழ்ப்பாணமும் தரமணியும் அதையே சொல்கின்றன.

நம் வட்டத்துக்குப் பத்தாண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில் இந்த வாழ்க்கையை நினைவுகூரக் காரணம் இதுதான். பத்தாண்டுக் கூட்டங்களில் எத்தனையோ படங்கள் எடுத்திருக்கிறோம். முதல் வரிசையில் அமர்ந்தவர்களின் பெயர்கள் நமக்கு இன்று நன்றாகத் தெரியும். பின்வரிசையில் தலை மட்டும் தெரிபவரின் பெயர் இன்னும் பத்தாண்டுகள் கழித்து யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு படத்தின் பின்புறமும் நாளையும் இடத்தையும் பெயர்களையும் எழுதிவைப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை. தலைவர்களையும் பொன்னாடைகளையும் எடுத்ததோடு நில்லாமல், நாற்காலி போட்டவரையும் தேநீர் கொடுத்தவரையும் எடுத்தோமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். உறுப்பினர்களின் கையெழுத்துப் படிகளிலும் ஒலிநாடாக்களிலும் இதழ்களிலும் ஒவ்வொரு படி வேறொரு நகரத்து நூலகத்துக்குப் போகட்டும்.

காட்சிஸ்னே அந்தப் படங்களை அனுப்பும்போது ஒரு சமுதாயத்தின் கடைசிச் சாட்சியத்தை அனுப்புவதாக எண்ணியிருக்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதழுக்குத் தவறாமல் போய்ச் சேரவேண்டுமே என்ற கவலைதான் அவருக்கு இருந்திருக்கும். ஆயினும் ஊரையும் பெயரையும் விடாமல் எழுதினார். அந்தச் சிறு ஒழுங்கினால்தான் அந்த மூதாட்டியையும், அவள் இருப்பதை நம்பாத மகனையும் இன்று நாம் அறிகிறோம்.